பாடக் காணொளிகளுக்குச் செயற்கைக் குரல்: இலவசக் கருவிகளைக் கொண்டு எந்த அளவுக்குச் செம்மைப்படுத்தலாம்?

பசறை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தரம் 8, 9 மாணவர்களுக்காக மண்ணரிப்பு, மண்சரிவு ஆகியவை பற்றிச் சிறு காணொளிகளைத் தயாரித்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பகிர விரும்புகிறேன். படங்களும் திரையெழுத்துகளும் தயாராகிவிட்டன. குரல் மட்டுமே பாக்கி. நான் தங்கியிருக்கும் விடுதிக்குத் தகரக் கூரை. மாலையில் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மழை விட்டால் சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி தொடங்கிவிடும். ஆகவே, எழுதியதைக் கணினியே வாசிக்கும் செயற்கைக் குரலைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறேன்.

மடிக்கணினி பழையது, நினைவகம் 4 ஜிபி. வங்கி அட்டை கேட்கும் சேவைகள் வேண்டாம். எந்தக் குரலைத் தெரிவு செய்வது, வந்த குரலை இயல்பாகக் கேட்கும்படி எவ்வாறு திருத்துவது என்பவையே என் கேள்விகள். பாடத்திலிருந்து ஒரு பந்தியை மாதிரிக்குத் தருகிறேன்:

"24 மணித்தியாலத்தில் 75 மி.மீ.ஐத் தாண்டி மழை தொடர்ந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் நிற அறிவித்தலை விடுக்கும். 100 மி.மீ.ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 மி.மீ.ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117."

ஹட்டன் நிரலர்

வணக்கம் அக்கா. உங்கள் நிபந்தனைகளுக்குள் அடங்கும் தெரிவுகள் குறைவுதான், ஆனால் போதுமானவை. குரலைத் தெரிவு செய்வதற்கு மைக்ரோசொஃப்ட் எட்ஜ் உலாவியின் உரத்து வாசிக்கும் வசதியில் தொடங்குங்கள். அதில் தமிழுக்கு நான்கு நாடுகளின் பெயரில் எட்டுக் குரல்கள் உள்ளன: இந்தியாவுக்குப் பல்லவியும் வள்ளுவரும், இலங்கைக்குச் சரண்யாவும் குமாரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும். கேட்டுப் பார்ப்பதற்குப் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. அதே குரல்களைக் கோப்பாகப் பெறுவதற்கு மைக்ரோசொஃப்டின் அஸூர் என்ற இணையச் சேவையில் மாதம் 5 இலட்சம் எழுத்துகள் வரை இலவசம் என்றாலும், பதிவு செய்யும்போது அட்டை கேட்பார்கள். ஆகவே அது உங்களுக்கு ஆகாது. கிளிப்சாம்ப் என்ற காணொளித் தொகுப்பி உலாவியிலேயே இயங்குவது. எழுத்தைக் குரலாக்கும் வசதி அதில் உண்டு, மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் போதும். 4 ஜிபி நினைவகத்தில் அது தள்ளாடும் என்பதால், குரலை எடுப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். காணொளியாக ஏற்றுமதி செய்து, அதிலிருந்து ஒலியை ஒடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பியில் பிரித்தெடுக்கலாம், அதற்குக் காணொளிக் கோப்பைத் திறக்க உதவும் எஃப்.எஃப்.எம்பெக் நூலகத்தை ஒரு தடவை நிறுவ வேண்டும்.

இணையம் இல்லாமல் இயங்க வேண்டுமென்றால், மெட்டா நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட எம்.எம்.எஸ். என்ற செயற்கைக் குரல் மாதிரிகள் இருக்கின்றன. 1,100க்கும் மேற்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. பெரும்பாலும் சமய நூல் வாசிப்புப் பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை என்பதால், மண்ணரிப்பைப் பற்றி வாசித்தாலும் அதில் ஒரு பிரசங்கச் சாயல் எட்டிப் பார்க்கும். உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். பாடசாலைக்கு அது தடையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏ.ஐ.4பாரத் குழுவினரின் இண்டிக் பார்லர் டி.டி.எஸ். என்ற மாதிரி இதைவிட இயல்பாகப் பேசும், உரிமமும் தாராளமானது. ஆனால் உங்கள் கணினியில் ஓடாது, கூகுளின் கணினியில் நிரலை இயக்க விடும் கொலாப் சேவையில்தான் ஓட்ட வேண்டும். லெவன்லாப்ஸ் என்ற இணையக் குரல் சேவையின் இலவசக் கணக்கில் மாதம் 10,000 கிரெடிட் கிடைக்கும், வணிக உரிமை கிடைக்காது.

எழுத்துக் கணக்கில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 'மண்' என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு மகரம், ணகரம், புள்ளி என்று மூன்று. ஒதுக்கீடு நாம் நினைப்பதைவிட வேகமாகக் கரைவதற்கு இதுவே காரணம்.

நானுஓயா நேயர்

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் என் தயக்கத்தைப் பதிவு செய்கிறேன். பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களைக் கேட்டுத்தான் ழகரத்தையும் ளகரத்தையும் நாங்கள் பிரித்து உச்சரிக்கப் பழகினோம். வீட்டிலும், தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலும் அப்படிப் பேசியவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இப்போது ஒரு இயந்திரத்தை உட்கார வைப்பதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கொத்மலைச் சமூக வானொலியில் 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு ஓர் இணையத் திட்டம் நடந்தது. நேயர்கள் கேட்ட விடயங்களை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, தங்கள் வாயாலேயே வானலையில் விளக்கிச் சொன்னார்கள். தேடும் வேலை கணினிக்கு, சொல்லும் வேலை மனிதருக்கு என்ற அந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆசிரியை அதிகாலையில் பதிவு செய்து பார்க்கலாமே? நம் பக்கத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கிறது.

கண்டி ஒலிப்பதிவாளர்

பெரியவர் சொல்வது நியாயம். வசதியிருந்தால் சொந்தக் குரலே முதல் தெரிவு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாடசாலைக்குக் கிளம்பும் அவசரத்தில் உள்ள ஒருவரிடம் அதிகாலைப் பதிவைக் கேட்பது அதிகம். மழையோடு பதிவு செய்து பிறகு மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். ஒரே சீராக இரையும் மின்விசிறியின் ஓசையைத்தான் இரைச்சல் நீக்கி நன்றாகப் பிடிக்கும். தகரத்தில் விழும் மழை கணத்துக்குக் கணம் மாறுவது, பேச்சு இருக்கும் அதிர்வெண்கள் முழுவதிலும் பரவியிருப்பது. அதை நீக்கப் போனால் பேச்சும் சேர்ந்தே கரையும். ஆகவே செயற்கைக் குரல் என்ற முடிவை ஏற்றுக்கொண்டு மேலே பேசுகிறேன்.

ஒலித்தொகுப்பியில் சரி செய்யலாம் என்று பலரும் நம்பும் குறைகளில் முக்கால்வாசி, குரலுக்குக் கொடுக்கும் எழுத்திலேயே சரி செய்யப்பட வேண்டியவை. ஆசிரியை தந்த பந்தியையே எடுத்துக்கொள்வோம். 'மி.மீ.' என்பதைப் பல குரல்கள் இரண்டு துண்டாக வாசிக்கும். புள்ளியைக் கண்டதும் வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு தொனியை இறக்கிவிடும். அதை விரித்து எழுத வேண்டும். விரிக்கும்போது நமது பாடநூல் வழக்கப்படி 'மில்லிமீற்றர்' என்று எழுதினால், தமிழ்நாட்டு வாசிப்பில் பயிற்றப்பட்ட குரல் அந்த றகரத்தை 'வெற்றி' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல் ஒலிக்கும். ஆகவே குரலுக்கான பிரதியில் 'மில்லிமீட்டர்' என்றும், பிள்ளைகள் காணும் திரையில் 'மில்லிமீற்றர்' என்றும் எழுதுங்கள்; இரண்டு பிரதிகளையும் தனித்தனியே சேமித்து வையுங்கள். '117' என்று எண்ணில் எழுதினால் 'நூற்றுப் பதினேழு' என்று வாசிக்கும். 'ஒன்று, ஒன்று, ஏழு' என்று காற்புள்ளியிட்டு எழுதினால்தான் தொலைபேசி இலக்கமாகக் கேட்கும். ஆண்டுகளும் அப்படியே. மீரியபெத்த மண்சரிவைக் குறிப்பிடுவதாக இருந்தால் '2014.10.29' என்று நமது அலுவலக முறையில் எழுதாமல், 'இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இருபத்தொன்பதாம் திகதி' என்று முழுவதும் எழுத்தில் எழுதுங்கள்.

ஊர்ப் பெயர்கள் இதைவிடத் தொல்லை தருபவை. பொகவந்தலாவை, டயகம, பண்டாரவளை போன்ற பெயர்களின் முதலெழுத்தை நாம் அதிர்வோடு சொல்கிறோம். எழுத்திலோ அதிர்வோடு ஒலித்தாலும் அதிர்வில்லாமல் ஒலித்தாலும் அதே பகரமும் டகரமும்தான். இயந்திரம் 'பொங்கல்' என்பதில் வருவதுபோல் வன்மையாகவே தொடங்கும். அந்த ஒரு பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். இருமொழிப் பயிற்சி பெற்ற குரல்கள் சரியாகப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்படியும் வராவிட்டால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். பெயரைத் திரையில் பெரிதாகக் காட்டிவிட்டு, குரலில் 'இந்த ஊரில்' என்று கடந்துவிடலாம்.

அடுத்தது வாக்கிய நீளம். நாம் எழுதும் நீண்ட வாக்கியத்தைக் கண்ணால் வாசிப்பவர் திரும்பிப் பார்த்துப் புரிந்துகொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. இயந்திரத்துக்கோ எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்பது நீளம் கூடக் கூடத் தப்பிப் போகிறது. வாக்கியத்தைப் பிரித்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிக் கோப்பாக உருவாக்குங்கள். பந்தி முழுவதையும் ஒரே தடவையில் உருவாக்கினால் ஒரு சொல் பிழைத்தாலும் பந்தியையே திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். வேகத்தையும் குரலை உருவாக்கும் இடத்திலேயே பத்து வீதம் அளவில் குறைத்துவிடுங்கள். ஒடாசிட்டியில் பிறகு இழுத்து நீட்டினால் உயிரெழுத்துகளில் ஒரு நடுக்கம் வந்து சேரும்.

ஒலித்தொகுப்பியில் செய்ய வேண்டியது பிறகு கொஞ்சமே மிஞ்சும். செயற்கைக் குரலுக்கு இரைச்சல் நீக்கியைப் போடாதீர்கள். நீக்குவதற்கு அதில் இரைச்சலே கிடையாது, போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். 'தெளிவு கூட்டுகிறேன்' என்று உச்ச அதிர்வெண்களை உயர்த்துவதும் வீண். இந்தக் குரல்கள் பெரும்பாலும் 16 அல்லது 24 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (விநாடிக்கு ஒலி எத்தனை தடவை அளக்கப்படுகிறது என்ற கணக்கு) வருகின்றன. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேல் எந்த ஒலியும் பதிவாக முடியாது என்பதால், 8 அல்லது 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அங்கு ஒன்றுமே இல்லை. நம்பாதவர்கள் ஒடாசிட்டியின் 'பிளொட் ஸ்பெக்ட்ரம்' சாளரத்தைத் திறந்து பார்க்கலாம். கோடு அந்த இடத்தில் செங்குத்தாக விழுந்திருப்பது தெரியும். குறைக்க வேண்டியது இடைப்பகுதியில்தான் இருக்கிறது. 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியை இரண்டு, மூன்று டெசிபல் தணித்தால் அந்த உலோகச் சாயல் அடங்கும். அதற்கு மேல் தணித்தால் சகரமும் டகரமும் மழுங்கிவிடும்.

குரலை மனிதத்தன்மையோடு கேட்கச் செய்வதில் பெரும் பங்கு இடைவெளிகளுக்கு உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் அரை விநாடி, கருத்து மாறும் இடத்தில் ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்று வைத்தால் போதும். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் மறுபடியும் இயந்திரம் தெரிந்துவிடும் என்பதால், காதை நம்பிக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். அந்த இடைவெளிகளை முழு அமைதியாகவும் விட வேண்டாம். கைப்பேசியில் கேட்பவர் சத்தம் அறுந்துவிட்டதாக எண்ணுவார். ஒடாசிட்டியில் பிரவுனியன் இரைச்சல் என்ற மெல்லிய இரைச்சலை 0.001 வீச்சில், அதாவது மைனஸ் 60 டெசிபலில், உருவாக்கி முழு நீளத்துக்கும் தனித் தடத்தில் அடியில் ஓடவிடுங்கள். யாருக்கும் அது ஓர் ஓசையாகக் கேட்காது. ஆனால் வெட்டி ஒட்டிய இடங்கள் எல்லாம் ஒரே அறைக்குள் பேசியதுபோல் இணைந்துவிடும்.

மஸ்கெலியா குடும்பநல உத்தியோகத்தர்

கேட்பவர்களின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். கர்ப்பிணித் தாய்மாருக்கான குறிப்புகளைக் குரல் பதிவாக அனுப்பும் பழக்கம் எனக்கு உண்டு. கொழுந்தெடுத்துவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, கைப்பேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துத்தான் அவர்கள் கேட்கிறார்கள். ஹெட்செட் யாரிடமும் இல்லை. அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் குரலின் அடித்தொனி கேட்காது. பின்னணியில் வீணையோ புல்லாங்குழலோ சேர்த்தால் பேச்சும் கேட்காது. ஆகவே ஆசிரியை பின்னணி இசை சேர்க்கும் எண்ணத்தில் இருந்தால் கைவிட்டுவிடுவது நல்லது.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பாடத்தை இயந்திரக் குரல் சொல்லலாம். ஆனால் 'வெளியேறுங்கள்' என்பதை அது சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தெரியாத குரலில் ஒரு செய்தி வந்தால் இங்கே முதலில் எழும் கேள்வி, 'பேசுறது யாரு?' என்பதுதான். உண்மையான மழை நாளில் வாட்ஸ்அப்பில் பழைய பதிவுகள் பல கைமாறிப் புதியவைபோல் சுற்றும். திகதியும் பெயரும் இல்லாத ஒரு குரல், 'சிவப்பு அறிவித்தல், உடனே வெளியேறுங்கள்' என்று சொல்லும் துண்டு அப்படித் தனியாகச் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். நம்பி ஓடுபவர்களும் இருப்பார்கள். அடுத்த தடவை உண்மையான அறிவித்தலை நம்பாமல் இருந்துவிடுபவர்களும் இருப்பார்கள். உங்கள் காணொளியில் அந்தப் பகுதியை மட்டும் சொந்தக் குரலில், பாடசாலையின் பெயரோடு, 'இது பாடம்' என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். பத்து விநாடி பேசுவதற்கு மழை இல்லாத ஒரு நேரம் எப்படியும் கிடைக்கும்.

பசறை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மஸ்கெலியா அக்கா சொன்ன ஆபத்து என் மனதில் படாத ஒன்று. நிற அறிவித்தல் பகுதியின் முன்னும் பின்னும் என் குரலில், 'இது தரம் 9 விஞ்ஞான பாடம். உண்மையான அறிவித்தலுக்கு வானொலியையும் கிராம உத்தியோகத்தரையும் கேளுங்கள்' என்று சேர்க்கப் போகிறேன். துண்டாக வெட்டி அனுப்பினாலும் பாடம் என்று தெரிவதற்காக, அந்த நேரம் முழுவதும் திரையின் மூலையில் பாடசாலையின் பெயர் இருக்கும்.

திருத்திய குரல் பிரதி இது:

"இருபத்து நான்கு மணித்தியாலத்தில் எழுபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, மழை தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மஞ்சள் நிற அறிவித்தல் வரும். விழிப்பாக இருங்கள் என்பது அதன் பொருள். மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால், செம்மஞ்சள். வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். நூற்றைம்பதைத் தாண்டினால், சிவப்பு. இந்த அறிவித்தல்களை விடுப்பது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்."

'வெளியேற வேண்டும்' என்ற வாக்கியத்தை நானே சொல்லிவிடுவதால் இங்கு எடுத்துவிட்டேன். நிறுவனத்தின் பெயரை முதல் வாக்கியத்திலிருந்து கடைசிக்குக் கொண்டு வந்ததும் கேட்பதற்கு இலகுவாக இருக்கிறது. சரண்யா, பல்லவி இரண்டு குரலிலும் பிள்ளைகள் சிலருக்குப் போட்டுக் காட்டினேன். பல்லவியைத்தான் விரும்பினார்கள். இன்னும் இரண்டு கேள்விகள்: என் குரலும் இயந்திரக் குரலும் அடுத்தடுத்து வரும்போது சத்தம் ஏறி இறங்குகிறது, அதை எவ்வாறு சமப்படுத்துவது? என் குரலையே நகலெடுத்து முழுப் பாடத்தையும் அதில் வாசிக்கச் செய்யலாம் என்று நண்பி ஒருவர் சொல்கிறார், அது தேவையா?

நானுஓயா நேயர்

பிரதி நன்றாக வந்திருக்கிறது. 'வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கியது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியையின் பேச்சாகவே இருக்கிறது. ஆனால் இலங்கைக் குரல் இருக்க இந்தியக் குரலைப் பிள்ளைகள் தெரிவு செய்ததில் எனக்கு வருத்தம் உண்டு. நமது பிள்ளைகளுக்கு நமது நாட்டு உச்சரிப்பைத்தானே பழக்க வேண்டும்?

ஹட்டன் நிரலர்

ஐயா, அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் 'இலங்கை' என்று பெயரிட்ட குரலில் மலையகத்துப் பேச்சின் ஏற்ற இறக்கம் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டுப் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சைவிட மதுரை, திருச்சிப் பக்கத்துப் பேச்சுக்கு நெருக்கமாகவே இன்றும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் பழக்கம். காதுக்குப் பழகிய தொனியை அவர்கள் தெரிவு செய்ததில் வியப்பில்லை. நமது பேச்சில் ஒரு செயற்கைக் குரல் பிறக்க வேண்டுமென்றால், அதற்கு நமது குரல்கள் முதலில் பதிவாக வேண்டும். மொஸில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டம் 2017 முதல் யாரும் தங்கள் குரலைக் கொடையாகத் தரும்படி திறந்திருக்கிறது, அதில் தமிழும் உண்டு. அங்கே சேர்வது குரலை எழுத்தாக்கும் ஆய்வுக்கே அதிகம் பயன்படுகிறது என்றாலும், மலையகத்து உச்சரிப்பு இயந்திரத்தின் காதில் விழுவதற்கு அது ஒரு வழி. ஐயாவைப் போன்றவர்கள் சில வாக்கியங்கள் வாசித்துக் கொடுத்தால் பயனாக இருக்கும்.

அக்காவின் நகல் குரல் கேள்விக்கு வருகிறேன். செய்ய முடியும், ஆனால் இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். இணையச் சேவை ஒன்றில் உங்கள் குரலின் மாதிரியை ஏற்றிய பிறகு, அந்தக் கணக்கு யார் கையில் சிக்கினாலும் நீங்கள் பேசாததை நீங்கள் பேசியதாக ஆக்கலாம். பெற்றோர் நம்புவது உங்கள் குரலை. சற்று முன்பு 'பேசுறது யாரு?' என்று இங்கே சொல்லப்பட்டதை அதனோடு சேர்த்து யோசியுங்கள். பிள்ளைகளின் குரலையோ வேறு ஆசிரியர்களின் குரலையோ அவர்களுடைய சம்மதம் இல்லாமல் நகலெடுப்பது எந்த நிலையிலும் கூடாது. பின்னாளில் யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால், வேறொருவரின் குரலை நகலெடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி 2024 மார்ச் மாதத்திலிருந்து அங்கே இருக்கிறது.

கண்டி ஒலிப்பதிவாளர்

சத்தத்தைச் சமப்படுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் உச்ச அளவைப் பார்த்துச் சமப்படுத்துகிறார்கள். உச்சம் ஒன்றாக இருந்தாலும் காதுக்குக் கேட்கும் சத்தம் ஒன்றாக இருக்காது. ஒடாசிட்டியில் 'லவுட்னஸ் நோர்மலைசேஷன்' என்ற விளைவு இருக்கிறது. அது காதின் உணர்வை ஒட்டி எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் அளக்கிறது. அதைத் திறந்ததும் மைனஸ் 23 என்று காட்டும். அது ஐரோப்பிய ஒலிபரப்புக்கான அளவு; கைப்பேசிக்கு மிகவும் தாழ்ந்தது. மைனஸ் 16 என்று மாற்றி, ஒற்றைத் தடத்தை இரட்டையாகக் கருதும் பெட்டியில் அடையாளமிட்டு, முதலில் உங்கள் குரலுக்கும் பிறகு இயந்திரக் குரலுக்கும் தனித்தனியே போடுங்கள். ஏறி இறங்குவது நின்றுவிடும். கடைசியில் முழுத் தடத்துக்கும், சத்தத்தின் உச்சம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள்.

உங்கள் சொந்தக் குரலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. அறையின் எதிரொலி அதில் இருக்கும், இயந்திரக் குரலில் இருக்காது. அடுத்தடுத்துக் கேட்கும்போது இந்த வேறுபாடே அதிகம் உறுத்தும். பதிவு செய்யும்போது கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, கம்பளியும் துணியும் தொங்கும் மூலையைப் பார்த்துப் பேசுங்கள். மலையில் கம்பளிக்குக் குறைவில்லை என்பதால் இது செலவில்லாத ஒலிக்கூடம். வேறுபாடு அப்படியும் மிஞ்சினால், இயந்திரக் குரலுக்கு மிகச் சிறிய அறை அளவில் கொஞ்சம் எதிரொலியைச் சேர்த்து அதை உங்கள் பக்கம் இழுங்கள். உங்கள் குரலிலிருந்து எதிரொலியை நீக்குவதைவிட இது எளிது.

பின்னணி இசை பற்றிச் சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். தலைப்புக்கும் முடிவுக்கும் மட்டும் இசை போதும். பேச்சுக்கு அடியில் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது நினைத்தால், 'ஓட்டோ டக்' விளைவு பேச்சு வரும் இடங்களில் இசையைத் தானாகத் தாழ்த்தும்; பேச்சுத் தடம் இசைத் தடத்துக்கு நேர் கீழே இருந்தால்தான் அது வேலை செய்யும்.

இதே வரிசையை ஒவ்வொரு பாடத்துக்கும் கையால் செய்ய வேண்டியதில்லை. உருவாக்கிய வாக்கியக் கோப்புகளுக்கு இடைப்பகுதியைத் தணிப்பது, சத்தத்தைச் சமப்படுத்துவது இரண்டையும் ஒரு மக்ரோவாக, அதாவது தானாக நடக்கும் கட்டளை வரிசையாக, சேமித்தால், கோப்புகளை எல்லாம் ஒரே தடவையில் அதற்குள் அனுப்பலாம். சேமிக்கும்போது சுருக்காத வேவ் வடிவில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, காணொளிக்கு அதையே கொடுங்கள், எம்.பி.3 ஆக்கியதைக் காணொளித் தொகுப்பி மறுபடி சுருக்கி, வாட்ஸ்அப் இன்னொரு தடவை சுருக்கினால் அந்த உலோகச் சாயல் திரும்பி வந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படாது, ஆனால் பெற்றோருக்கு டேட்டா கூடுதலாகச் செலவாகும். ஒலி ஒழுங்காக இருந்தால் வழக்கமான முறையில் அனுப்பியே சமாளிக்கலாம்.

மஸ்கெலியா குடும்பநல உத்தியோகத்தர்

அனுப்புவதற்கு முன், இருப்பதில் மிகவும் பழைய கைப்பேசியில், அடுப்படியில் வைத்து ஒரு தடவை போட்டுக் கேளுங்கள் ஆசிரியை. தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் 'எழுபத்தைந்து' என்பது தெளிவாகக் கேட்டால் எங்கும் கேட்கும்.

பசறை ஆசிரியை

அப்படியே கேட்டேன். 'எழுபத்தைந்து' நன்றாகக் கேட்கிறது. 'செம்மஞ்சள்' என்பதில் முதல் எழுத்து அமுங்கி 'மஞ்சள்' என்றே விழுகிறது. இந்த இடத்தில் அது ஆபத்தான குழப்பம்.

கண்டி ஒலிப்பதிவாளர்

அதை ஒலியால் சரி செய்ய முயல வேண்டாம். 'இரண்டாவது நிலை, செம்மஞ்சள்' என்று பிரதியை மாற்றி, மற்ற இரண்டுக்கும் 'முதலாம் நிலை', 'மூன்றாம் நிலை' என்று சேர்த்துவிடுங்கள். சொல்லுக்கு முன்னால் கால் விநாடி இடைவெளியும் கொடுங்கள். மூன்று வாக்கியங்களை மட்டும் திரும்ப உருவாக்கி, பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்து மக்ரோவில் போட்டால் போதும். ஒவ்வொரு கோப்புக்கும் பாட இலக்கம், வாக்கிய இலக்கம் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். அந்த 75, 100, 150 என்ற அளவுகள் என்றாவது திருத்தப்பட்டால், எந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.